காயம்பட்டவரின் இடத்தில் வந்தவர்: ஒட்டாவா அணியும் ஆண்ட்ரூ ஹாமண்டும்

2015 பிப்ரவரி 16 அன்று ஒட்டாவாவில் கரோலைனா அணிக்கு எதிராக நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில், ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் முன்கள வீரர் கிளார்க் மக்ஆர்தர் சறுக்கிவந்த வேகத்தில் தன் அணியின் கோல்கீப்பர் ராபின் லேனர் மீதே மோதிவிட்டார். இருவருக்கும் தலையில் அதிர்ச்சிக் காயம். முதல்நிலை கோல்கீப்பரான கிரெய்க் ஆண்டர்சன் கையில் பட்ட அடியால் ஏற்கெனவே ஆடாமல் இருந்தார். அவருக்குப் பதிலாக ஆடிவந்த லேனரும் அன்று வெளியேற, பெஞ்சில் மிச்சமிருந்தவர் ஆண்ட்ரூ ஹாமண்ட் ஒருவர்தான். 27 வயதான அவரை எந்த அணியும் இளம் வீரர்களுக்கான தேர்வில் எடுத்திருக்கவில்லை. பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, ஒட்டாவாவின் கீழ்நிலை அணியான பிங்ஹாம்டனில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். அந்த சீசனில் பிங்ஹாம்டனுக்காக அவர் வென்றது 7 ஆட்டங்கள், தோற்றது கூடுதல் நேரத் தோல்விகள் நீங்கலாக 13. இப்படிப்பட்ட ஒருவரை நம்பி ஓர் அணி தன் மீதி சீசனை ஓட்டப்போகிறது என்றால், அந்த சீசன் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அன்றைய ஆட்டத்தில் ஒட்டாவா தோற்றது. ஆனால் அதன் பிறகு நடந்தது, காயம்பட்ட கோல்கீப்பருக்குப் பதிலாகக் கீழ்நிலை லீக்கிலிருந்து ஒருவரை அழைப்பது என்ற வழக்கமான ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கிறவர்கள் இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்துப் பேசும் கதையாகிவிட்டது. அந்தக் கதையைப் பலர் அதிசயமாகச் சொல்கிறார்கள். அதில் அதிசயம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஹாக்கி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் வருவது பந்தும் புல்தரையும் என்பதால், சில அடிப்படைகளைச் சொல்லிவிட வேண்டும். ஐஸ் ஹாக்கியில் கோல் கம்பங்களுக்கு இடையே 6 அடி அகலம், 4 அடி உயரம். அதற்குள் நுழைய வேண்டிய பக் என்ற கறுப்பு ரப்பர் வில்லையின் விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம். உறைய வைத்து விறைப்பாக்கப்பட்ட அந்த வில்லை, நன்றாக அடிக்கப்பட்டால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும். ஓர் ஆட்டத்தில் சராசரியாக 30 முறை இப்படி ஏதோ ஒன்று கோலை நோக்கி வருகிறது. மற்ற வீரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு மூச்சுவாங்க பெஞ்சுக்குத் திரும்புவார்கள். கோல்கீப்பர் மட்டும் 60 நிமிடமும் களத்திலேயே நிற்பார். முன்கள வீரர் ஒருவர் காயம்பட்டால் அவருடைய நிமிடங்களை மற்ற பதினொருவரும் பங்குபோட்டுக்கொள்ளலாம். கோல்கீப்பரின் வேலையைப் பங்குபோட முடியாது. இன்னொருவர் முழுதாகச் சுமந்தாக வேண்டும்.

காயங்களும் இந்த வேலையின் இயல்பிலேயே இருக்கின்றன. இன்றைய கோல்கீப்பர்கள் ஏறக்குறைய எல்லோரும் வண்ணத்துப்பூச்சி எனப்படும் பாணியில்தான் ஆடுகிறார்கள். முழங்கால்கள் இரண்டும் பனித்தரையில் ஒன்றையொன்று நெருங்கியிருக்க, கீழ்க்கால்கள் இரு பக்கமும் இறக்கைபோல் விரிந்து, கால்கவசங்கள் கோலின் அடிப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும் இந்த நிலைக்காகத் தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் உள்நோக்கி வலிந்து திரும்ப வேண்டும். விழுந்த அடுத்த கணமே ஒரு காலால் உந்தி எழுந்து பக்கவாட்டில் பாயவும் வேண்டும். பயிற்சியிலும் ஆட்டத்திலுமாக ஒரே நாளில் எத்தனையோ முறை இதைச் செய்கிறவர்களுக்கு இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு விளிம்பு கிழிவதும், தொடையிடுக்குத் தசை பிடித்துக்கொள்வதும் தொழில்நோய்கள் போலாகிவிட்டன. இவற்றோடு, கோலை நோக்கிப் பாய்ந்துவரும் உடல்களின் மோதல் வேறு. லேனருக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை.

காயம் என்னவென்று அணிகள் பல சமயம் வெளியே விவரமாகச் சொல்வதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'மேலுடல் காயம்', 'கீழுடல் காயம்' என்ற இரண்டே சொற்களில் மொத்த மருத்துவத்தையும் அடக்கிவிடுவார்கள். இடது முழங்கால் பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தால் எதிரணி அந்தப் பக்கமாகவே அடிக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனாலும், மாற்றாக வந்தவர் எத்தனை நாள் நிற்க வேண்டியிருக்கும் என்பது அதனால் ரசிகர்களுக்குத் தெரிவதில்லை. பல சமயம் வந்தவருக்கேகூடத் தெரிவதில்லை. ஹோட்டல் அறையிலேயே பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பது இந்த வாழ்க்கையின் ஒரு பகுதி.

வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்ஹெச்எல் அணி ஒவ்வொன்றுக்கும் அதற்கு அடுத்த நிலையில் உள்ள அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் ஓர் இணைப்பு அணி உண்டு. ஒட்டாவாவுக்கு அப்போது அது எல்லைக்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிங்ஹாம்டன். 2017 முதல் ஒன்டாரியோவின் பெல்வில். என்ஹெச்எல் அணி ஒரு சீசனுக்கு (அப்போது 82 ஆட்டங்கள்) இரண்டு கோல்கீப்பர்களை வைத்துக்கொள்ளும். முதலாமவர் பெரும்பான்மை ஆட்டங்களில் ஆட, இரண்டாமவருக்கு மீதி. மூன்றாமவரும் நான்காமவரும் கீழே ஆடிக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களில் பலருக்கு மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஆடினால் வேறொரு சம்பளம் என்று இருவழி ஒப்பந்தம் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பல மடங்கு. 2014–15 சீசனில் என்ஹெச்எல்லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 5,50,000 டாலர் என்பதால், மேலணியில் கழியும் ஒவ்வொரு நாளும் கீழணி வீரருக்குப் பெரிய தொகைதான்.

யாரை அழைப்பது என்பதில் திறமையோடு விதிமுறையும் கலந்திருக்கிறது. அனுபவம் ஏறிய வீரர் ஒருவரை மேலணியிலிருந்து கீழே அனுப்ப வேண்டுமானால், மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ள முதலில் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். இளையவர்களுக்கு இந்த விதி இல்லை. ஆகையால் சில நாள் தேவைக்கு அழைக்கப்படுகிறவர் கீழே இருப்பவர்களில் ஆகச் சிறந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. போகவும் வரவும் தடையில்லாதவராக இருப்பதே சில சமயம் போதும். அன்றாடம் அணியை நடத்துகிறவர்களுக்கு இது ஒரு பயணச்சீட்டு விவகாரம்.

இந்த ஏற்பாடு பழங்காலத்திலிருந்து வந்ததும் இல்லை. ஆரம்ப காலத்தில் அணிக்கு ஒரே கோல்கீப்பர்தான். என்ஹெச்எல் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையின் 1928 இறுதித் தொடரில் நியூயார்க் ரேஞ்சர்ஸின் லோர்ன் ஷபோவுக்குக் கண்ணில் பக் பட்டபோது, பார்வையாளர்களிடையே இருந்த வேறொரு அணியின் கோல்கீப்பரை இறக்குவதற்கு எதிரணியான மான்ட்ரியல் மரூன்ஸ் சம்மதிக்கவில்லை. ரேஞ்சர்ஸின் 44 வயதான பயிற்சியாளர் லெஸ்டர் பாட்ரிக் தானே கவசத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கூடுதல் நேரத்தில் ரேஞ்சர்ஸ் 2–1 என வென்றது. 1959 நவம்பரில் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுத் திரும்பியபோது முகமூடி இல்லாமல் ஆட மாட்டேன் என்று அடம்பிடித்து வென்றதற்கும் மாற்று கோல்கீப்பர் இல்லாத அந்த நிலைமைதான் துணைநின்றது. 1960களின் நடுவில்தான் இரண்டு கோல்கீப்பர்கள் தயாராக இருக்க வேண்டும் என்பது விதியானது.

இரண்டு பேர் இருந்தும் போதாமல்போகும் இரவுகளும் உண்டு. சிகாகோவில் 2018 மார்ச் 29 அன்று நடந்ததை இதற்குச் சொல்லலாம். முதல்நிலை கோல்கீப்பர் கோரி கிராஃபோர்ட் டிசம்பரிலிருந்தே இல்லை. அன்று ஆட வேண்டியிருந்த ஆன்டன் ஃபோர்ஸ்பெர்க் ஆட்டத்துக்கு முன்பே காயமடைந்தார். ராக்ஃபோர்டு கீழணியிலிருந்து வந்திருந்த காலின் டீலியா தன் முதல் என்ஹெச்எல் ஆட்டத்தில் இறங்கி நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தவர், ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் தசைப்பிடிப்பால் வெளியேறினார். அப்புறம் யார்? அவசரத் தேவைக்கென்று அரங்கில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த ஸ்காட் ஃபாஸ்டர் என்ற 36 வயதுக் கணக்காளர். பகலில் அலுவலக வேலையை முடித்துவிட்டு வந்தவர், மீதமிருந்த 14 நிமிடங்களில் தன்னை நோக்கி வந்த 7 ஷாட்களையும் தடுத்தார். வின்னிபெக்கை சிகாகோ 6–2 என வென்றது. எல்லோரும் ஃபாஸ்டரைக் கொண்டாடினார்கள், சரி. ஆனால் அன்றைய வெற்றி தன் பெயரில் பதிவான டீலியாவை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

ஒட்டாவாவுக்குத் திரும்புவோம். பிப்ரவரி 18 அன்று மான்ட்ரியலில் ஹாமண்ட் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடினார், ஒட்டாவா வென்றது. அடுத்த வாரம் கலிஃபோர்னியாவில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் அனாஹைம், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய பலமான இரு அணிகளுக்கும் ஒரு கோல்கூட விடவில்லை. தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் 12 ஆட்டங்களிலும் இரண்டு கோல்களுக்கு மேல் விடாமலிருந்து, பாஸ்டனின் ஃப்ராங்க் பிரிம்செக் 1930களின் இறுதியில் படைத்திருந்த சாதனையைச் சமன் செய்தார். கல்லூரி நாள்களில் தோழர்கள் வைத்த 'ஹாம்பர்க்ளர்' என்ற பட்டப்பெயர் ஊரெங்கும் பரவி, ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் பனித்தரையில் பர்கர்களை வீசத் தொடங்கினார்கள். கர்டிஸ் லாஸார் என்ற இளம் வீரர் அப்படி விழுந்த ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுப் போனது அந்த வசந்தத்தின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. பிப்ரவரியில், கோப்பைக்கான அடுத்த சுற்றான பிளே-ஆஃபில் நுழையும் இடத்துக்கு 14 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணி, சீசனின் கடைசி நாளில் ஃபிலடெல்ஃபியாவை வென்று 99 புள்ளிகளோடு உள்ளே நுழைந்தது; 96 புள்ளிகள் பெற்றிருந்த பாஸ்டன் வெளியே நின்றது. ஹாமண்டின் கணக்கு: 20 வெற்றி, 1 தோல்வி, கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ 2 தோல்வி. தடுப்பு விகிதம் 0.941.

இந்த 0.941 என்ற எண்ணிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. கோலை நோக்கி வந்த 1,000 ஷாட்களில் 941ஐத் தடுத்தார் என்பது அதன் பொருள். அந்த ஆண்டு லீக்கின் சராசரி ஏறத்தாழ 0.915. ஹாமண்ட் ஆடிய 24 ஆட்டங்களில் அவரை நோக்கி வந்தவை 700 ஷாட்கள் அளவுக்கு இருக்கும்; சராசரி கோல்கீப்பர் ஒருவர் அவற்றில் 60 கோல் விட்டிருப்பார், ஹாமண்ட் விட்டவை அதைவிடப் பதினெட்டு, இருபது குறைவு. அந்தப் பதினெட்டு கோல்தான் ஒட்டாவாவுக்கும் பாஸ்டனுக்கும் இடையிலான மூன்று புள்ளிகள், அதற்கும் மேலே. இந்த அளவில் அவருடைய பங்களிப்பு உண்மையானது. நடந்து முடிந்த ஆட்டங்களிலிருந்து அதை யாரும் பறிக்க முடியாது.

ஆனால் அது அவருடைய திறமையின் அளவா என்பது வேறு கேள்வி. சராசரித் திறமை உள்ள ஒரு கோல்கீப்பர் 700 ஷாட்களை எதிர்கொண்டால், நாணயச் சுண்டலின் ஏற்ற இறக்கம் மட்டுமே அவருடைய விகிதத்தை 0.894க்கும் 0.936க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும். இருபதில் ஒரு முறை அதற்கும் வெளியே தள்ளும். பக் யாருடைய ஸ்கேட்டிலாவது பட்டுத் திசைமாறுவதும், கம்பத்தில் பட்டுத் தெறிப்பதும், சொந்தத் தடுப்பாட்டக்காரர் குறுக்கே வந்து கண்ணை மறைப்பதும் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். 0.941 அந்த எல்லைக்குச் சற்றே வெளியே நிற்கிறது. அதே குளிர்காலத்தில் பிங்ஹாம்டனில் ஹாமண்டின் விகிதம் 0.898; ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான ஆட்டங்களில். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள்: 0.920க்குச் சற்றுக் கீழே வருகிறது. பிப்ரவரி 15 வரை தோற்றுக்கொண்டிருந்தவரும் 18 முதல் வென்றவரும் ஒரே ஆள்தான். கீழே அவருக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் குறைவாக இருந்தது, மேலே நிறையவே இருந்தது. நடுவில் எங்கோ ஒரு நல்ல, சாதாரணமான என்ஹெச்எல் கோல்கீப்பர் இருந்தார்.

டேவ் கேமரன் டிசம்பரில் பயிற்சியாளர் பொறுப்பேற்ற பிறகு அணியின் ஆட்டமும் மாறியிருந்தது. மார்க் ஸ்டோன் போன்ற இளைஞர்கள் அந்த வசந்தத்தில்தான் முழு வேகத்தில் வெளிப்பட்டார்கள். ஹாமண்டின் பெயரில் பதிவான 20 வெற்றிகளில் இவர்களுக்கும் பங்குண்டு. தவிர, கீழ்நிலை லீக்கில் கோல்கீப்பரின் வேலை சில வகைகளில் கூடுதல் சிரமமானது என்று அங்கே ஆடியவர்கள் சொல்வதுண்டு. தடுப்பாட்டம் ஒழுங்கற்றதாக இருப்பதால் ஷாட் எங்கிருந்து வரும் என்பதைக் கணிக்க முடியாது. மேலே அவரவர் தத்தம் இடத்தில் நிற்பார்கள். இதை முழு விளக்கமாக ஏற்க எனக்குத் தயக்கம் இருந்தாலும், ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

மெய்யான சிக்கல் ஏப்ரலில் தொடங்கியது. ஆண்டர்சன் குணமாகிவிட்டார். பிளே-ஆஃபில் மான்ட்ரியலுக்கு எதிராக யாரை நிறுத்துவது? காயத்தால் யாரும் தம் இடத்தை இழக்கக் கூடாது என்பது விளையாட்டு உலகின் எழுதாத மரபு. வென்றுகொண்டிருப்பவரை மாற்றக் கூடாது என்பதும் அதே அளவுக்குப் பழைய மரபு. கேமரன் இரண்டாவது மரபைப் பின்பற்றி முதல் இரண்டு ஆட்டங்களுக்கு ஹாமண்டை இறக்கினார்: 4–3, 3–2 என இரண்டுமே தோல்வி, இரண்டாவது கூடுதல் நேரத்தில். மூன்றாவது ஆட்டத்துக்கு ஆண்டர்சன் வந்தார். 20 வெற்றி தந்தவரை இரண்டு தோல்விக்காக உட்கார வைப்பதா என்று அப்போது கசந்தவர்கள் உண்டு. ஆண்டர்சனோ தான் ஆடிய 4 ஆட்டங்களில் மொத்தமே 4 கோல் விட்டார். ஒட்டாவா அவற்றில் இரண்டை வென்று, ஆறாவது ஆட்டத்தில் தொடரை இழந்தது. இழந்ததற்குக் காரணம் தன் பக்கம் கோல் அடிக்க ஆளில்லாமல் போனதே; முடிவு சரியானது என்றே இன்று தோன்றுகிறது.

அடுத்து எடுத்த முடிவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஹாமண்டுக்கு மூன்று ஆண்டுக்கு 40.5 லட்சம் டாலர் ஒப்பந்தம் தரப்பட்டது. மூவருக்கு இடமில்லை என்பதால், ஜூன் மாதம் லேனர் பஃபலோவுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு ஓர் இளம் வீரர் தேர்வு வாய்ப்பு கிடைத்தது. பிப்ரவரி மோதலில் தலையில் அடிபட்டு விழுந்தவர்தான் கடைசியில் ஊரைவிட்டும் போனார். அப்போது அவருக்கு வயது 23. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணிக்காக ஆடி, லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருதுக்கான இறுதி மூவரில் ஒருவரானார். ஹாமண்ட் அடுத்த சீசனில் 7 வெற்றி, 11 தோல்வி, தடுப்பு விகிதம் 0.914 என்று லீக் சராசரியிலேயே வந்து நின்றார். அவர் கெட்டுப்போய்விடவில்லை; இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பினார், அவ்வளவுதான்.

இதே போன்ற சந்தர்ப்பத்தில் வேறு அணிகள் எடுத்த முடிவுகளும் உண்டு, அவை சரியாகவும் முடிந்திருக்கின்றன. பிரிம்செக்கின் கதையும் இப்படித்தான் தொடங்கியது: 1938இல் பாஸ்டன் கோல்கீப்பர் டைனி தாம்சனுக்குக் கண்ணில் கோளாறு வந்தபோது பிராவிடன்ஸ் அணியிலிருந்து வந்தவர் அவர். பாஸ்டன் தன் நட்சத்திரமான தாம்சனை 15,000 டாலருக்கு டெட்ராய்ட்டுக்கு விற்றுவிட்டு, பெயர் தெரியாத இளைஞரை வைத்துக்கொண்டது. அந்த சீசனில் பிரிம்செக் 10 ஆட்டங்களில் கோலே விடவில்லை. பாஸ்டன் கோப்பையை வென்றது. 2016 மார்ச் இறுதியில் பிட்ஸ்பர்க்கின் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி தலை அதிர்ச்சியால் விலக, கீழணியான வில்க்ஸ்-பாரியிலிருந்து அந்த சீசனில் மேலே வந்திருந்த மாட் மர்ரி பொறுப்பேற்றுக் கோப்பையை வென்று கொடுத்தார். மறு ஆண்டு பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியிலேயே மர்ரி காயமடைய, ஃப்ளூரி மீண்டும் வந்து பாதி தூரம் இழுத்துச் சென்றார். திரும்பிவந்த மர்ரி மீதியை முடித்தார். ஹாமண்டுக்கும் மர்ரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல ஒரே எண் போதும். 2014–15இல் மர்ரியின் தடுப்பு விகிதமும் 0.941தான். ஆனால் அது கீழ்நிலை லீக்கில், 40 ஆட்டங்களில், அந்த லீக்கின் சிறந்த கோல்கீப்பர் என்ற விருதோடு வந்தது. மேலே வரும் முன்பே சான்று கையில் இருந்தது. ஹாமண்டிடம் இருந்தது 24 ஆட்டங்களும் ஒரு பட்டப்பெயரும்.

2017 நவம்பரில் முன்கள வீரர் மாட் டுஷேனை வாங்குவதற்காக ஒட்டாவா கொலராடோவுக்கு அனுப்பிய தொகுப்பில் ஹாமண்டும் ஒரு சேர்மானமாகப் போனார். 2018 பிளே-ஆஃபில் கொலராடோவின் செம்யோன் வார்லமோவ், ஜோனதன் பெர்னியே இருவருமே காயத்தால் விலகிவிட, நாஷ்வில்லில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் மூன்றாமவரான அவரே கோல் முன் நின்றார். அன்று அவர் 44 ஷாட்களைத் தடுத்தார், ஒன்றுதான் நுழைந்தது, தோற்றால் வெளியே என்றிருந்த கொலராடோ 2–1 என வென்றது. இரண்டு நாள் கழித்து டென்வரில் அதே கோல்கீப்பர், அதே எதிரணி: நாஷ்வில் 5, கொலராடோ 0.